கொழுந்துக்கும் கணக்கு

மாறிக்கொண்டே இருக்கும் செபி விதிகள் நீலகிரித் தேயிலை நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் எதையெல்லாம் எழுத வைக்கின்றன?

மார்ச் 31, நிதியாண்டின் கடைசி மாலை. நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலையில் சரக்கு இருப்பு எடுக்கும் வேலை தொடங்குகிறது. வாடுவதற்காகப் பரப்பிய பச்சை இலை, அரைபட்டு நிறம் மாறிக்கொண்டிருக்கும் இலை, உலர்த்தியிலிருந்து சூட்டோடு இறங்கும் தூள், ரகம் பிரித்துக் கட்டிய மூட்டைகள், குன்னூர் ஏலத்துக்குப் போய் இன்னும் விலைபோகாமல் கிடங்கில் கிடக்கும் சரக்கு எல்லாம் எடை போட்டு ஏட்டில் ஏறுகின்றன. தலைமுறைகளாக நடக்கும் வேலைதான் இது. ஆனால் கணக்கு இப்போது தொழிற்சாலை வாசலோடு நிற்பதில்லை. எதிர்ச் சரிவில் யார் கையும் படாமல் செடியில் நிற்கிற கொழுந்துக்கும் அன்றைய தேதியில் ஒரு விலை போட்டாக வேண்டும். அந்த விலை இலாப நட்டக் கணக்கில் சேரும். தணிக்கையாளர் அதைப் பற்றிக் கேட்பார். சில மாதம் கழித்துச் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் பங்குதாரர் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் அதைப் படிப்பார்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை தன் கணக்கையும் நடப்பையும் பொதுமக்கள் முன் வைக்கும் ஆவணம் ஆண்டறிக்கை. ஒரு காலத்தில் தலைவர் உரை, இருப்புநிலைக் குறிப்பு, தணிக்கையாளர் சான்று ஆகிய மூன்றோடு அது முடிந்துவிடும். இன்று சிறிய நிறுவனத்தின் அறிக்கைகூட நூறு பக்கங்களைத் தாண்டுகிறது. கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதிகள், கணக்கியல் தரநிலைகள், தொழிலாளர் சட்டங்கள் என நான்கு பக்கமிருந்தும் ஆண்டுதோறும் புதிய கேள்விகள் வந்து சேர்கின்றன. நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து விடை எழுதிவிடக்கூடிய கேள்விகள் சில. மற்றவற்றுக்கான விடை மலையில், செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டிலும் குழந்தைகள் காப்பகத்தின் பதிவேட்டிலும் நிலப் பத்திரத்திலும் இருக்கிறது.

மலையில் யார் யார்?

நீலகிரியில் தேயிலை பயிரிடுவோரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். எஸ்டேட் நிறுவனங்களிலும் பல, பட்டியலிடப்படாத தனியார் கம்பெனிகள். பங்குச் சந்தைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. 1922-ல் தொடங்கிய யுனைடெட் நீல்கிரி டீ எஸ்டேட்ஸ் நிறுவனத்துக்குச் சாம்ராஜ், கொரகுந்தா உள்ளிட்ட தோட்டங்கள் உண்டு. அதன் பதிவு அலுவலகம் கோவை ரேஸ் கோர்ஸ் பகுதியில் இருக்கிறது. பங்குகள் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகமாகின்றன. 1943-ல் பதிவான நீலமலை அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் மும்பைப் பங்குச் சந்தையில் இருக்கிறது. குன்னூரை அடுத்த காட்டேரி எஸ்டேட்டே அதன் பதிவு அலுவலக முகவரி. கேரளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஹாரிசன்ஸ் மலையாளம் நிறுவனத்துக்கும் கூடலூர் வட்டாரத்தில் தோட்டங்கள் உள்ளன.

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், இந்தப் பட்டியலில் வராது. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலையும் வாழ்விடமும் தருவதற்காக உருவான அரசு நிறுவனம் அது. அதன் ஆண்டறிக்கை பங்குச் சந்தைக்குப் போவதில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கருத்துகளோடு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது.

செடி சொத்து, கொழுந்து உயிர்

இந்தியக் கணக்கியல் தரநிலைகளான இண்ட்-ஏஎஸ், 500 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் 1 முதலும், பட்டியலிடப்பட்ட மற்ற நிறுவனங்களுக்கு 2017 ஏப்ரல் 1 முதலும் கட்டாயமாயின. நீலகிரியின் சிறிய நிறுவனங்கள் இரண்டாவது கட்டத்தில் வந்தன. வேளாண்மைக்கான 41-ஆம் தரநிலை தேயிலைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பல பத்தாண்டுகள் நின்று பலன் தரும் செடி, கட்டடத்தையும் இயந்திரத்தையும் போல நிலைச் சொத்து. ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படும். அந்தச் செடியில் வளர்ந்து நிற்கும் கொழுந்து உயிருள்ள சொத்து. விற்பனைச் செலவைக் கழித்துக்கொண்டு நியாய மதிப்பில் அதைக் காட்ட வேண்டும்.

இதைச் செய்து பார்த்தால்தான் சிரமம் தெரியும். நேற்றுப் பறித்த வயலில் மார்ச் 31 அன்று ஒன்றும் இருக்காது. பறித்துப் பத்து நாளான வயலில் ஓரளவு இருக்கும். ஆகவே ஒவ்வொரு வயலும் கடைசியாக எந்தத் தேதியில் பறிக்கப்பட்டது, அடுத்த சுற்றில் வழக்கமாக எத்தனை கிலோ வரும் என்ற தோட்டப் பதிவிலிருந்துதான் அளவைக் கணிக்க முடியும். விலைக்குச் சந்தையைப் பார்க்க வேண்டும். தேயிலை வாரியம் நீலகிரிக்கு மாதந்தோறும் அறிவிக்கும் பச்சை இலை விலை இதற்குக் கைகொடுக்கும். சென்ற ஆண்டு மார்ச் 31-ஐவிட இந்த ஆண்டு பச்சை இலை விலை கூடியிருந்தால், ஒரு கிலோகூட விற்காமலே அந்த வித்தியாசம் இலாபமாகத் தெரியும். குறைந்திருந்தால் நட்டம். உறைபனி கருக்கிய வயல்கள் மீண்டும் துளிர்க்கத் தொடங்கும் பருவம் மார்ச். கோடை மழை சற்று முந்தினாலும் பிந்தினாலும் செடியில் நிற்கும் கொழுந்தின் அளவு மாறும், கணக்கும் மாறும்.

தொகை பெரும்பாலும் சிறியதுதான். ஆனாலும் இந்த ஒரு வரிக்குப் பின்னால் பறிப்புப் பதிவேடு, எடைக் கணக்கு, விலை ஆதாரம், மேலாளர் கையொப்பம் எல்லாம் இருந்தாக வேண்டும். ஆண்டறிக்கையின் நம்பகத்தன்மை கம்பெனி செக்ரட்டரியின் மேசையில் தொடங்குவதில்லை. கொழுந்துக் கூடையை நிறுத்து எழுதும் தோட்டக் கண்டக்டரின் ஏட்டில் அது தொடங்குகிறது.

அந்த ஏடும் இப்போது கணினிக்கு மாறிவருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கியல் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்க வழி இருக்கக் கூடாது. அது ஆண்டு முழுவதும் இயங்கியதா என்பதைத் தணிக்கையாளர் தன் அறிக்கையில் தனியாகச் சொல்ல வேண்டும்.

---

பெட்டிச் செய்தி: ஆண்டறிக்கையின் நாள்காட்டி

மார்ச் 31: நிதியாண்டு முடிவு.

மே 30-க்குள்: தணிக்கை செய்த ஆண்டு முடிவுகளைப் பங்குச் சந்தையிடம் தர வேண்டும் (60 நாள்). தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம்.

பொதுக்குழுவுக்கு 21 முழு நாட்களுக்கு முன்: அறிவிப்பும் ஆண்டறிக்கையும் பங்குதாரருக்குப் போயிருக்க வேண்டும். அனுப்பத் தொடங்கும் நாளுக்குள் பங்குச் சந்தையிடமும் தந்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய்.

செப்டம்பர் 30-க்குள்: ஆண்டுப் பொதுக்குழு. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு ஒரு மாதம் முன்பே கெடு.

பொதுக்குழு முடிந்து 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கைகளும், 60 நாளுக்குள் ஆண்டு விவரமும் கம்பெனிகள் பதிவாளரிடம். நீலகிரி நிறுவனங்களுக்குப் பதிவாளர் அலுவலகம் கோவை.

---

விதிகள் வந்த வழி

கட்டாயமாக வெளிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியல் ஒரே நாளில் நீளவில்லை. குமாரமங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரைப்படி 2000-ல் பட்டியலிடல் ஒப்பந்தத்தில் செபி கொண்டுவந்த 49-ஆம் பிரிவுதான் நிறுவன ஆளுகை பற்றித் தனி அறிக்கை கேட்டது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்குப் புரட்டை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம், அழகாக அச்சிட்ட ஆண்டறிக்கை எவ்வளவு பொய் சொல்லக்கூடும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. அடுத்து 2013-ன் கம்பெனிகள் சட்டம் வந்தது. 2015 டிசம்பர் 1 முதல், எல்.ஓ.டி.ஆர். எனப்படும் செபியின் பட்டியலிடல் மற்றும் வெளிப்படுத்தல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. உதய் கோட்டக் குழுவின் பரிந்துரைகள் 2018-ல் அதில் சேர்ந்தன. 2021, 2023, 2024, 2025 என்று பெரிய திருத்தங்கள் தொடர்கின்றன. சென்ற ஆண்டு அறிக்கையை எடுத்து எண்களை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பும் பழைய வழக்கம் இனி எந்த நிறுவனத்துக்கும் பாதுகாப்பானதல்ல.

சிறிய நிறுவனத்துக்குச் சலுகை இல்லாமலில்லை. செலுத்திய பங்கு மூலதனம் 10 கோடி ரூபாய்க்கும், நிகர மதிப்பு 25 கோடி ரூபாய்க்கும் மிகாமல் இருந்தால் ஆளுகை விதிகளில் பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். பழைய தோட்ட நிறுவனங்களின் சிக்கல் இங்கேதான். மூலதனம் ஒரு காலத்தில் போட்டபடி சிறியதாகவே இருக்கும். பல பத்தாண்டு இலாபம் முதலீடுகளாகச் சேர்ந்து நிகர மதிப்பு வரம்பைத் தாண்டியிருக்கும். ஒரு முறை தாண்டிவிட்டால், தொடர்ந்து மூன்று ஆண்டு வரம்புக்குள் இருந்தால்தான் விலக்கு திரும்பும். ஆயிரக்கணக்கான கோடி விற்பனையுள்ள நிறுவனம் நிரப்பும் அதே படிவங்களை, சில எஸ்டேட்டுகளும் ஒரு கம்பெனி செக்ரட்டரியும் மட்டுமே உள்ள நிறுவனமும் நிரப்புகிறது. செலவைப் பார்த்தால் இது நியாயமில்லை என்ற நிறுவனங்களின் குறையில் உண்மை உண்டு. ஆனால் பொதுமக்கள் பணத்தை வாங்கியவரிடம் பொதுமக்கள் கேள்வி கேட்பதும் நியாயமே.

நடுவில் நிற்பவர் யார்?

ஆண்டறிக்கையின் பின்னிணைப்புகளில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். கம்பெனிகள் சட்டத்தின் 197(12) பிரிவு கேட்பது அது: ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு? எல்லா ஊழியரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலை ஊதியம். மென்பொருள் நிறுவனத்தில் அந்த இடத்தில் ஒரு பொறியாளர் நிற்பார். தேயிலை நிறுவனத்தில் ஊழியர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தொழிலாளர்கள் என்பதால், அவர்களையும் சேர்த்து எண்ணினால் அங்கே நிற்பவர் பெரும்பாலும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்தான்.

அந்த விகிதம் வேறு பல துறைகளில் காணக் கிடைக்காத நேரடித் தன்மையோடு ஒரு சமூக உண்மையைச் சொல்கிறது. மேலாண்மை இயக்குநரின் ஆண்டு ஊதியத்தையும், காலை எட்டு மணிக்கு மலைச் சரிவில் பெயர் போடும் தொழிலாளியின் ஆண்டு வருமானத்தையும் ஒரே வரியில் வைக்கிறது. படிப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளரைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு விகிதம் வரும். மாதச் சம்பள அலுவலரை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறொரு விகிதம் வரும். தற்காலிகத் தொழிலாளரும், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து பறிப்பவர்களும் எங்கே சேர்க்கப்பட்டார்கள்? அடிக்குறிப்பைப் படிக்காமல் இந்த விகிதத்தை நம்பக் கூடாது. நிரந்தர ஊழியர் எண்ணிக்கையும் அதே பட்டியலில் இருக்கும். சில ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு தோட்டத்தின் ஆள்பலம் கூடுகிறதா கரைகிறதா என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

காப்பகமும் புகார்க் குழுவும்

2025 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்த கம்பெனிகள் விதித் திருத்தம் ஒன்று நகரத்தில் அதிகம் பேசப்படவில்லை. தோட்டங்களுக்கு அது மிக முக்கியமானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து அந்த ஆண்டில் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன, 90 நாளுக்கு மேல் எத்தனை நிலுவையில் உள்ளன என்று இயக்குநர் குழு அறிக்கை எண்ணோடு சொல்ல வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தைப் பின்பற்றியதாக உறுதிமொழி தர வேண்டும். ஊழியர்களில் பெண்கள், ஆண்கள், திருநர் எத்தனை பேர் என்றும் காட்ட வேண்டும்.

பறிப்பு வேலையில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மேலே கங்காணியாகவும் கண்டக்டராகவும் மேலாளராகவும் நெடுங்காலம் ஆண்களே இருந்துவந்தார்கள். இப்படியொரு இடத்தில் ‘புகார்: பூஜ்யம்’ என்ற வரி ஆண்டுக்கு ஆண்டு வந்தால் நல்ல செய்தி என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. புகார்க் குழு எங்கே இருக்கிறது, அதன் உறுப்பினர் பெயர் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் வாழ்வோருக்குத் தெரியுமா, புகாரை எழுத்தில்தான் தர வேண்டும் என்றால் எழுதத் தெரியாதவருக்கு யார் எழுதித் தருவார்? அக்கறையுள்ள சுயேச்சை இயக்குநர் பூஜ்யத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. சட்டம் எண்ணைக் கேட்பதோடு நிற்கிறது. எண்ணுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது இயக்குநர் குழுவின் கடமை.

இதோடு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் சேர்ந்துகொண்டன. நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் என்று தோட்டத் தொழிலாளருக்குரிய வசதிகளை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வரையறுத்துவந்த 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவற்றுள் ஒன்றில் கரைந்தது. ஊதியம் என்பதற்கான வரையறையும் மாறியது. படிகளும் விலக்கான பிற தொகைகளும் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். பணிக்கொடை அந்த அடிப்படையில் கணக்கிடப்படும். தினக்கூலியும் பஞ்சப்படியும் வாங்கும் பறிப்பாளருக்குத் தொகை ஏற்கெனவே ஏறக்குறைய முழுமையாகக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. பல வகைப் படிகள் உள்ள அலுவலர், மேலாளர் விஷயத்தில்தான் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். 2025-26 ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர் பணிக்கொடைக் குறிப்பை முதலில் புரட்டலாம்.

பத்திரம் யார் பெயரில்?

நிறுவனத்தின் அசையாச் சொத்துகளின் பத்திரங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றனவா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும் என்கிறது 2020-ன் தணிக்கையாளர் அறிக்கை ஆணை. இல்லையென்றால் யார் பெயரில், எத்தனை ஆண்டாக, ஏன் என்று 2021 ஏப்ரல் முதல் கணக்குக் குறிப்பிலும் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். சமவெளியில் ஓர் ஆலைக்கு இது ஒரு வரி விடை. நீலகிரியில், அதிலும் கூடலூரில், அரை நூற்றாண்டு வரலாறு.

கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகளை ஒழித்து, அரசிடம் நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலமாக மாற்றும் சட்டம் 1969-ல் வந்தது. ஜென்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களிடம் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை, காப்பி, ரப்பர் போட்டிருந்த நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 1972-ல் பால்மடீஸ் பிளாண்டேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் தள்ளியது. நாடாளுமன்றம் 1974-ல் அந்தச் சட்டத்தை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்க அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது. அதை எதிர்த்துத் தொடங்கிய வழக்குதான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பளித்த ஐ.ஆர்.கோயலோ வழக்கு. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் அந்தத் தீர்ப்பின் வேர் கூடலூர் மலைச் சரிவில் இருக்கிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் தோட்டம் வைத்திருக்கும் நிறுவனம் ஆண்டறிக்கையில் எழுதும் ‘நிகழக்கூடிய பொறுப்புகள்’ குறிப்பை அவசரமாகப் புரட்டிக் கடந்துவிடக் கூடாது. முதலீட்டாளருக்கு அங்கே சொத்தின் உண்மை மதிப்பு தெரியும். தொழிலாளிக்கு, தான் குடியிருக்கும் லைன் வீடு நிற்கும் மண்ணின் நிலை தெரியும். இந்த ஒரு குறிப்பு, தலைவர் உரையின் பத்துப் பக்கத்தைவிடப் பெறுமதியானது.

மழை பெய்தால் 24 மணி நேரம்

ஆண்டறிக்கை ஆண்டுக்கு ஒரு முறை. முக்கிய நிகழ்வுகளை உடனுக்குடன் சொல்ல வேண்டும் என்பது எல்.ஓ.டி.ஆரின் 30-ஆம் விதி. 2023 ஜூலையில் அதன் கெடு இறுகியது. நிறுவனத்துக்குள்ளேயே எழும் நிகழ்வுக்கு 12 மணி நேரம், வெளியிலிருந்து வருவதற்கு 24 மணி நேரம். எது முக்கியம் என்பதற்கும் அளவு வந்தது. விற்பனையில் 2 சதவீதம், நிகர மதிப்பில் 2 சதவீதம், மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் அல்லது நட்டத்தில் 5 சதவீதம் ஆகியவற்றில் எது குறைவோ அது.

பெரிய நிறுவனத்துக்கு இந்த அளவு கோடிகளில் வரும். சராசரி இலாபம் 2 கோடி ரூபாயாக உள்ள ஒரு தோட்ட நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், 5 சதவீதம் என்பது 10 லட்சம். நீலகிரியில் ஒரு தடுப்புச் சுவர் சரிந்து எஸ்டேட் சாலை அறுபட்டால் செலவு அதைத் தாண்டிவிடும். இது கற்பனையான ஆபத்தல்ல. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் போகும் அத்தகைய நாளில் மேலாளரின் முதல் வேலை ஆட்களைக் காப்பது. அதற்கு நடுவிலும் தகவல் கோவைக்கோ சென்னைக்கோ போய், அங்கிருந்து பங்குச் சந்தைக்கு ஏறியாக வேண்டும். யார் யாருக்குச் சொல்வது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கும் நிறுவனம்தான் இந்த விதியைக் காப்பாற்ற முடியும்.

---

பெட்டிச் செய்தி: பி.ஆர்.எஸ்.ஆர். என்றால்?

சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன், ஆளுகை பற்றி நிறுவனங்கள் தரும் பொறுப்பு அறிக்கை. 2012-ல் முதல் 100 நிறுவனங்களுக்கு வேறு வடிவில் தொடங்கியது. 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு இன்றைய வடிவில் கட்டாயம்.

மின்சாரம், எரிபொருள், நீர், கரியமில வாயு, கழிவு, விபத்து, பெண்களுக்குச் சென்ற ஊதியத்தின் பங்கு என அளந்து காட்ட வேண்டியவை ஏராளம். உயிர்க்கோளக் காப்பகம், சரணாலயம் போன்ற இடங்களில் நிறுவனம் இயங்குகிறதா என்றும் கேட்கும். இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் நீலகிரி (1986).

இதன் மையப் பகுதிக்கு வெளியார் சரிபார்ப்பு 2023-24-ல் முதல் 150 நிறுவனங்களோடு தொடங்கியது. 2026-27-ல் 1,000 நிறுவனங்களையும் எட்டும் என்பது செபியின் அட்டவணை.

---

வாங்குபவர் கேட்பார்

நீலகிரியின் தோட்ட நிறுவனங்கள் சந்தை மதிப்பில் முதல் ஆயிரத்துக்குள் வருபவை அல்ல. பொறுப்பு அறிக்கை அவற்றைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தேயிலை வாங்கி விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர், டாடா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் போன்றவை அந்தப் பட்டியலில் மேலே இருக்கின்றன. முதல் 250 நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தருவோரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று 2023-ல் செபி அறிவித்தது. பின்னர் அந்த விதி தளர்ந்தது. கொள்முதலிலோ விற்பனையிலோ தனியாக 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கூட்டாளிகள் மட்டும் போதும் என்றானது. 2025 மார்ச்சில் ஓராண்டு தள்ளிப்போய், விருப்பம் உள்ளவர் தரலாம் என்ற நிலைக்கு வந்தது. அமெரிக்காவிலும் 2024 மார்ச்சில் பங்குச் சந்தை ஆணையம் கொண்டுவந்த பருவநிலை வெளிப்படுத்தல் விதிக்காக வாதாடுவதை அந்த ஆணையமே அடுத்த ஆண்டு கைவிட்டது.

விதி தளர்ந்தாலும் கேள்வி நிற்கவில்லை. எந்த ஒரு நீலகிரித் தொழிற்சாலையும் பெருநிறுவனமொன்றின் கொள்முதலில் 2 சதவீதத்தை எட்டுவது அரிது. ஆனாலும் வாங்குபவர் ‘ட்ரஸ்டீ’ போன்ற சான்றிதழ்கள் வழியாக விறகு எங்கிருந்து வருகிறது, எந்தப் பூச்சிமருந்து அடிக்கப்படுகிறது, கூலி ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உலர்த்திக்கு எத்தனை டன் விறகு எரிந்தது என்ற பதிவை இன்று ஒழுங்காக வைத்திருக்கும் தொழிற்சாலை நாளை விதி வரும்போது தடுமாறாது. சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருப்பது இங்கே நட்டக் கணக்கு.

பங்குதாரர் கைக்கு வருவது

ஆண்டறிக்கை அச்சுப் புத்தகமாக வீட்டுக்கு வந்த காலம் முடிந்துவிட்டது. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் தந்த தளர்வு நிலையான வழக்கமாகியிருக்கிறது. மின்னஞ்சல் பதிந்தவருக்கு மின்பிரதி வரும். பதியாதவருக்கு, அறிக்கை இருக்கும் இணைய முகவரியைத் துல்லியமாகக் காட்டும் ஒரு கடிதம் மட்டும் வரும். 2024 டிசம்பர் திருத்தம் இதை விதியாக்கியது. எழுதிக் கேட்பவருக்கு அச்சுப்பிரதி தர வேண்டும் என்ற உரிமை இன்னும் இருக்கிறது.

பழைய தோட்ட நிறுவனங்களின் பங்குகள் காகிதச் சான்றிதழாகவே பல குடும்பங்களின் பீரோவில் கிடக்கின்றன. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மின்னணு வடிவுக்கு (டீமேட்) மாற்றியாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல், பான், வங்கி விவரங்கள் பதியாத காகிதப் பங்குக்கு டிவிடெண்டு நிறுத்திவைக்கப்படும். தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்டு வாங்காவிட்டால் பணம் மட்டுமல்ல, பங்கே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பப் பெற வழி உண்டு, நாளாகும். தாத்தா பெயரில் ஒரு தேயிலைக் கம்பெனிப் பங்கு இருப்பதாகக் கேள்விப்பட்டவர்கள், அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கோரப்படாத டிவிடெண்டு பற்றிய பகுதியைத் தேடிப் படிப்பது நல்லது.

இத்தனை உண்மைகளும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கின்றன. தமிழில் சட்டம் கேட்டது குறைவு. அதில் முக்கியமானது ஒன்று: நிதி முடிவுகளைப் பதிவு அலுவலகம் இருக்கும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வெளியிட வேண்டும். 2024 டிசம்பரில் அதுவும் சுருங்கியது. முழு அட்டவணைக்குப் பதிலாக ஒரு கியூஆர் கட்டமும் இணைய முகவரியும் போதும். அந்தக் கட்டம் கொண்டுபோய் விடும் இடம் ஆங்கிலப் பக்கம். தன் கூலி இடைநிலை ஊதியமாகப் பதிவாகும் பெண்ணோ, அவருடைய பிள்ளைகளோ, தோட்டத் தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளரோ படிக்கக்கூடிய மொழியில் ஆண்டறிக்கை இல்லை.

தமிழில் ஒரு சுருக்கம் வெளியிடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஊழியர் எண்ணிக்கை, ஊதிய விகிதம், புகார்க் கணக்கு, பணிக்கொடைப் பொறுப்பு, நில வழக்குகள் ஆகிய ஐந்தையும் தமிழில் எழுத எட்டுப் பக்கம் தாராளம். நீலகிரியின் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் அடுத்த பொதுக்குழுவுக்குள் இதைச் செய்ய வேண்டும். நூறு பங்கு வைத்திருப்பவரும் பொதுக்குழுவில் எழுந்து இதைக் கேட்கலாம். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் கேட்கலாம்.